முதல் ஆண்டின் கணக்கு: வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரும் இரு நாட்டு வரியும்

வெளிநாட்டு வேலைக்கான உத்தரவு கைக்கு வந்ததும் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, "அங்கே வரி எவ்வளவு பிடிப்பார்கள்?" என்பதுதான். துபாயில் ஒன்றும் கிடையாது, சிங்கப்பூரில் குறைவு, ஜெர்மனியில் ஏறக்குறைய பாதி போய்விடும் என்று உறவுக்காரர் யாராவது பதிலும் சொல்லிவிடுவார். இந்தப் பதில்களில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் போன இடத்தில் நம்மவர்களை வரி விஷயத்தில் உண்மையாகவே அலைக்கழிப்பது விகிதம் அல்ல என்பது என் கருத்து. எந்த நாடு, எந்தத் தேதியிலிருந்து, எந்தெந்த வருமானத்துக்குத் தங்களிடம் கணக்குக் கேட்கும் என்பதை விசாரிக்காமல் விமானம் ஏறுவதுதான் அவர்களைச் சிக்க வைக்கிறது. வரியே விழாத ஒரு சேமிப்புக் கணக்கை அறிவிக்காமல் விட்டதற்காகப் பெரும் அபராதம் விதிக்கும் சட்டங்கள் உலகில் இருக்கின்றன. விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு அவை கண்ணில் படுவதே இல்லை.

ஒருவரிடம் வரி கேட்க ஒரு நாடு மூன்று காரணங்களைச் சொல்லலாம். நீ இங்கே வசிக்கிறாய். இந்த வருமானம் இங்கே விளைந்தது. நீ என் குடிமகன். முதல் இரண்டையும் ஏறக்குறைய எல்லா நாடுகளும் கையாளுகின்றன. ஒரு நாடு வசிப்பை வைத்தும் மற்றது வருமானம் விளைந்த இடத்தை வைத்தும் கேட்கும்போது ஒரே வாடகைக்கு, ஒரே வட்டிக்கு இரண்டு வரி விழுகிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு அரசுகள் வருமான வரியை உயர்த்தியபோது இந்தச் சிக்கல் முற்றியது. சர்வதேச சங்கம் நான்கு பொருளியலாளர்களிடம் இதை ஆராயச் சொன்னது. ப்ரூயின்ஸ், ஐனௌடி, செலிக்மன், ஸ்டாம்ப் ஆகிய அந்த நால்வரின் அறிக்கை 1923இல் வந்தது. அவர்களில் ஐனௌடி பிற்பாடு இத்தாலியின் குடியரசுத் தலைவரானார். ஒருவருடைய பொருளாதாரப் பிணைப்பு எந்த நாட்டோடு, எந்த அளவுக்கு என்று பார்த்து வரி உரிமையைப் பங்கிட வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை. இன்று உலகெங்கும் உள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களுக்கு அதுவே ஊற்று. இந்தியா மட்டும் 90க்கும் மேற்பட்ட நாடுகளோடு இத்தகைய ஒப்பந்தம் செய்திருக்கிறது.

இரண்டு நாடுகளுமே "இவர் எங்களிடம் வசிப்பவர்" என்று சொன்னால் ஒப்பந்தம் ஒரு வரிசையில் தீர்ப்புச் சொல்கிறது. நிரந்தர வீடு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கும். இரண்டு இடத்திலும் வீடு இருந்தால் குடும்பமும் பிழைப்பும் எங்கே என்று பார்க்கும். அதுவும் தெளிவாகவில்லை என்றால் வழக்கமாகத் தங்கும் இடம், பிறகு குடியுரிமை. கடைசியில் இரு நாட்டு அதிகாரிகளும் பேசி முடிவு செய்வார்கள். மனைவி மக்களை மதுரையில் விட்டுவிட்டு, மியூனிக்கில் ஓர் அறை எடுத்துத் தங்கும் பொறியாளருக்கு இந்த வரிசை வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. அவருடைய குடும்ப வாழ்க்கை எப்படி அமைந்திருக்கிறது என்பதே வரியைத் தீர்மானிக்கிறது.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். "183 நாளுக்குள் திரும்பிவிட்டால் அந்த நாட்டுக்கு வரி இல்லை" என்று சென்னை மென்பொருள் அலுவலகங்களில் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒப்பந்தங்களில் அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மை. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. தங்கிய நாட்கள் குறைவாக இருக்க வேண்டும். சம்பளம் கொடுக்கும் நிறுவனம் அந்த நாட்டைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. அந்தச் சம்பளச் செலவை அங்குள்ள கிளை ஏற்கவும் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் முதல் நாளிலிருந்தே வரி உண்டு. டெபுடேஷனில் போகிறவர்கள் தங்கள் சம்பளச் செலவு எந்தக் கிளையின் கணக்கில் எழுதப்படுகிறது என்று மனிதவளப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

கிளம்புகிற நாட்டின் விதியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் முதல் பிழை அங்கேதான் நேர்கிறது. இந்தியாவில் வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் அந்த ஆண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்திருந்தால், ஆண்டு முழுவதற்கும் அவர் இங்கே வசிப்பவர். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 29 அன்று 182 நாள் நிறைகிறது. செப்டம்பர் நடுவில் துபாய்க்குப் போனவரும் அக்டோபர் நடுவில் போனவரும் ஒரே சம்பளம் வாங்கலாம். முன்னவர் அந்த ஆண்டில் வசிக்காதவர். துபாய் சம்பளத்தை இந்தியா தொடாது. பின்னவர் வசிப்பவர், அக்டோபரிலிருந்து மார்ச் வரை துபாயில் வாங்கிய சம்பளமும் இங்கே கணக்கில் சேரும். துபாயில் வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே வரியே இல்லாததால் கழிக்க ஒன்றும் இராது. பிரிட்டன் போன்ற நாடுகளில் போன தேதியை வைத்து ஆண்டை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட வழி உண்டு. நம் சட்டத்தில் அது இல்லை. சேரும் தேதியைப் பேசி முடிவு செய்ய முடிகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டு டிக்கெட் எடுத்தால் போதும்.

போன பிறகு விடுமுறைக்கு வரும் நாட்களுக்கும் கணக்கு உண்டு. பொதுவாக 182 நாளுக்குள் இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தியாவில் விளையும் வருமானம் ஆண்டுக்கு 15 லட்ச ரூபாயைத் தாண்டுகிறவர்களுக்கு, முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இங்கே இருந்திருந்தால், அந்த வரம்பு 120 நாளாக 2020இல் சுருக்கப்பட்டது. அதே ஆண்டு இன்னொரு விதியும் வந்தது: இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் இருந்து, வேறெந்த நாட்டிலும் வசிப்பின் பேரில் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகன், இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். மசோதாவில் இது வந்தபோது 15 லட்சம் என்ற வரம்பு இருக்கவில்லை. வளைகுடாவில் உழைப்பவர்களின் குடும்பங்கள் கலங்கிப்போயின; கேரள முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததற்கு வரி இல்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 பிப்ரவரி 2ஆம் தேதி விளக்கம் வெளியிட்டது. பிறகுதான் பதற்றம் அடங்கியது. இப்போது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் எடுத்துக்கொண்டிருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. நாள் கணக்கின் சாரம் மாறவில்லை.

வருமான வரிச் சட்டத்தைத் தவிர அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அதன்படி வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பியதுமே ஒருவர் வசிக்காதவர் ஆகிவிடுகிறார். 182 நாள் கணக்கு அங்கே பொருந்தாது. ஆகவே ஒரே மனிதர் ஒரே ஆண்டில் ஒரு சட்டத்துக்கு வசிப்பவராகவும் மற்றதற்கு வசிக்காதவராகவும் இருக்க முடியும். இந்த இரண்டாவது சட்டத்தின்படி ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை, வசிக்காதவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பலர் ஆண்டுக்கணக்கில் மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். என்.ஆர்.ஓ. வட்டியைக் கொடுக்கும்போதே செஸ் சேர்த்து 31.2 சதவீத வரியை டி.டி.எஸ். என்று பிடிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தை என்.ஆர்.இ. கணக்கில் போட்டால் அந்த வட்டிக்கு இங்கே வரி இல்லை. வசிக்கும் நாட்டின் வரித்துறையிடமிருந்து வசிப்புச் சான்றிதழ் வாங்கி வங்கியில் கொடுத்தால், ஒப்பந்தத்தில் உள்ள குறைந்த விகிதத்தில் பிடிப்பார்கள். அமெரிக்காவில் இருப்பவருக்கு அது 15 சதவீதம், ஜெர்மனியில் இருப்பவருக்கு 10 சதவீதம். வித்தியாசம் சிறியதல்ல.

ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போகிறவருக்கு ஒரு விஷயம். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் வாடகையில் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு குடியிருப்பவருடையது. மாதம் சில ஆயிரம் கொடுக்கும் வாடகைதாரருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உரிமையாளர்தான் சொல்ல வேண்டும். விற்கும்போது சிக்கல் பெரிதாகிறது. உள்ளூர்க்காரர் 50 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டை விற்றால் வாங்குகிறவர் 1 சதவீதம்தான் பிடிப்பார். விற்பவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றால், நீண்டகால ஆதாயத்துக்கான 12.5 சதவீதமும் அதற்கு மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் பிடிக்க வேண்டும். ஆதாயம் எவ்வளவு என்பது வாங்குகிறவருக்குத் தெரியாததால் முழு விலைக்கே பிடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கினால் அந்தப் பெரும் தொகை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வரும் வரை முடங்காது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு, மனைக்குப் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் கட்டும் மாற்று வழியும் உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறது. பாட்டன் காலத்து மனையை விற்கும் மகன் சேலத்தில் இருந்தால் ஒரு வரி, சியாட்டிலில் இருந்தால் இன்னொரு வரி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி போய்ச் சேரும் நாடுகள். அமெரிக்காவைப் பற்றி நீளமாகப் பேசியாக வேண்டும், ஏனென்றால் அதன் விதிகள் மற்ற எந்த நாட்டைவிடவும் ஆழமாக ஒருவருடைய ஊர்க் கணக்குகளுக்குள் இறங்குகின்றன.

மாணவராக எஃப்-1 விசாவில் போகிறவர் முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் வசிக்காதவர். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 என்ற படிவத்தை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். வேலை செய்தால் 1040-என்.ஆர். படிவம். கடையில் வாங்கும் வரி மென்பொருள்கள் பெரும்பாலும் வசிப்பவருக்கான 1040ஐத்தான் தயாரிக்கும். நம் மாணவர்கள் அதையே அனுப்பிவிட்டுப் பிறகு திருத்துகிறார்கள். இந்திய மாணவர்களுக்கு ஓர் அரிய சலுகை இருக்கிறது. இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் 21ஆவது ஷரத்தின்படி, வசிப்பவருக்குரிய நிலையான கழிவை அவர்களும் எடுத்துக்கொள்ளலாம். வேறு நாட்டு மாணவர்கள் பலருக்கு அது கிடையாது. சோஷியல் செக்யூரிட்டிக்கான 6.2 சதவீதமும் மெடிகேருக்கான 1.45 சதவீதமும் இந்தக் காலத்தில் அவர்கள் சம்பளத்தில் பிடிக்கப்படக் கூடாது. பிடித்திருந்தால் கேட்டுத் திரும்பப் பெற உரிமை உண்டு.

எச்-1பி விசாவில் போகிறவருக்கு நாள் கணக்கு வேறு. இந்த ஆண்டின் நாட்கள் முழுசாக, போன ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கு எனக் கூட்டி 183 வந்தால், இந்த ஆண்டில் குறைந்தது 31 நாளும் இருந்தால், அவர் வசிப்பவர். அக்டோபர் 1 அன்று முதல்முறை போய் இறங்குகிறவருக்கு டிசம்பர் முடிய 92 நாள்தான். அந்த ஆண்டு அவர் வசிக்காதவர். அடுத்த ஆண்டிலிருந்து அவருடைய உலக வருமானம் முழுவதும் அமெரிக்காவுக்குக் கணக்கு. மத்திய அரசுக்கு மேல் மாநிலமும் தனியாக வரி கேட்கும். டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் சம்பளத்துக்கு வரி இல்லை. கலிஃபோர்னியாவில் உண்டு, அது மத்திய அரசு செய்த வரி ஒப்பந்தங்களைக்கூடத் தன் கணக்கில் ஏற்பதில்லை.

உலக வருமானம் என்றால் என்ன என்பதை வீட்டு மொழியில் சொல்ல வேண்டும். ஊரிலுள்ள ஃபிக்சட் டெபாசிட் வட்டி. இந்தியாவில் வரி இல்லாத பி.பி.எஃப். வட்டி. இங்கே வரி இல்லாத என்.ஆர்.இ. வட்டி. இவை எல்லாமே அங்கே வரிக்குரியவை. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை அமெரிக்கச் சட்டம் செயலற்ற அந்நிய முதலீட்டு நிறுவனங்களாகப் பார்க்கிறது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 என்ற தனிப் படிவம், கடுமையான வரி, பழைய ஆண்டுகளுக்கான வட்டி என்று அது நீளும். மாதம் 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டுக்கொண்டிருந்தவருக்கு, அந்த ஃபண்டின் ஆதாயத்தைவிடக் கணக்குப் போடும் ஆடிட்டரின் கட்டணம் அதிகமாகிவிடும். கிளம்புவதற்கு முன்பே, இன்னும் இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்போதே, அவற்றை விற்றுவிடுவது நல்லது என்று பல ஆலோசகர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

அடுத்தது அறிவிப்பு. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஆண்டில் ஒரே ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், எஃப்பார் என்னும் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். வட்டி வந்ததா, வரி உண்டா என்பது இதற்குப் பொருட்டல்ல. நம் குடும்பங்களில் அப்பா அம்மாவின் டெபாசிட்டில் மூத்த பிள்ளையின் பெயரையும் சேர்த்துப் போடுவது சகஜம். அந்தப் பணம் பிள்ளையுடையது அல்ல என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயர் இருப்பதால் அந்தக் கணக்கையும் அறிவிக்க வேண்டும். தெரியாமல் விட்டாலும் ஓர் அறிக்கைக்கு 10,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் சொன்னது; இப்போது பணவீக்கத்துக்கேற்ப அது கூடியிருக்கிறது.

இந்த அபராதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அலெக்சாண்ட்ரு பிட்னரின் வழக்கு சாட்சி. ருமேனியாவில் பிறந்து, அமெரிக்கா போய்க் குடியுரிமை பெற்று, 1990இல் ருமேனியாவுக்கே திரும்பித் தொழில் செய்தவர் அவர். அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது பல ஆண்டு கழித்தே தெரிந்தது என்றார். 5 ஆண்டுகளில் 272 தவறுகள் என்று கணக்குக்குக் கணக்கு எண்ணி, அரசு 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர் அபராதம் கேட்டது. 2023 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில், அபராதம் அறிக்கைக்குத்தான், கணக்குக்கு அல்ல என்று தீர்ப்பளித்தது. தொகை 50,000 டாலராக இறங்கியது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் போயிருந்தால் முடிவு வேறு.

ரகசியமாக இருந்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு இன்று இடமில்லை. 2010இல் அமெரிக்கா கொண்டுவந்த ஃபாட்கா சட்டம், உலக வங்கிகள் தங்களிடம் உள்ள அமெரிக்க வரிதாரர்களின் கணக்கு விவரத்தைத் தரவேண்டும் என்றது. இந்தியா 2015இல் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மற்ற நாடுகளோடு பொது அறிக்கை முறையின் கீழ் தகவல் பரிமாறப்படுகிறது. சென்னையில் கணக்குத் திறக்கும்போது "வேறு நாட்டில் வரி வசிப்பு உண்டா?" என்று வங்கிப் படிவம் கேட்பது இதற்காகத்தான்.

மூன்றாவது காரணமான குடியுரிமையை வைத்து, எங்கே வாழ்ந்தாலும் வரி கேட்கும் பெரிய நாடு அமெரிக்கா ஒன்றுதான். எரித்ரியாவும் தன் மக்களிடம் 2 சதவீதம் கேட்கிறது. மெக்சிகோ நகரில் வாழ்ந்த ஓர் அமெரிக்கர் தொடுத்த வழக்கில் 1924இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை உறுதி செய்துவிட்டது. நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே கிளம்பிவிட்ட போரிஸ் ஜான்சன், லண்டன் மேயராக இருந்தபோது தன் லண்டன் வீட்டை விற்ற ஆதாயத்துக்கு அமெரிக்காவுக்கு வரி கட்ட வேண்டி வந்தது. பிறகு அவர் அந்தக் குடியுரிமையைத் துறந்தார். இது ஏதோ வெள்ளைக்காரர் கதை அல்ல. நியூஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ பிறந்து, பெற்றோருடன் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பி வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்போது இங்கே வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் இங்கே வாங்கிய ஃபண்டும் டெபாசிட்டும் அமெரிக்கக் கணக்கில் வரும். பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டை வரமாக மட்டும் பார்க்கும் பெற்றோர்கள் பிள்ளைக்கு 18 வயதாகும் முன்பே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவைப் பற்றி இன்னொன்று, இதில் எனக்கு ஆதங்கம் உண்டு. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் பெற 40 புள்ளிகள், அதாவது குறைந்தது 10 ஆண்டு உழைப்பு வேண்டும். 7, 8 ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர் கட்டிய பணம் அவருக்கு ஓய்வூதியமாகவும் வராது, திருப்பியும் தரப்படாது. ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், கனடா போன்ற நாடுகளோடு இந்தியா செய்திருக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமெரிக்காவோடு இன்றுவரை இல்லை. விசா எண்ணிக்கையைப் பற்றி டெல்லியும் வாஷிங்டனும் பேசிக்கொள்ளும் அளவுக்கு இதைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும்.

ஊருக்கு அனுப்பும் பணத்துக்கெல்லாம் வரி என்ற வதந்திக்கும் ஒரு விளக்கம்: 2026 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் வந்திருக்கும் 1 சதவீத வரி, ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ கொடுத்து அனுப்பும் பணத்துக்குத்தான். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புவதற்கு இல்லை.

சிங்கப்பூரின் கதை நேர்மாறானது. 183 நாள் இருந்தால் வசிப்பவர். விகிதம் படிப்படியாக ஏறி 24 சதவீதத்தில் நிற்கும். குறைவாக இருந்தவருக்குச் சம்பளத்தில் 15 சதவீதம், அல்லது வசிப்பவர் விகிதத்தில் வரும் தொகை, எது அதிகமோ அது. வெளிநாட்டிலிருந்து தனிநபருக்கு வரும் வருமானத்துக்கு வரி இல்லை, ஆகவே ஊர் டெபாசிட் பற்றிய கவலை இல்லை. ஆனால் மாதச் சம்பளத்தில் வரியைப் பிடிக்கும் வழக்கம் அங்கே கிடையாது. இந்த ஆண்டு சம்பாதித்ததற்கான பில் அடுத்த ஆண்டு வரும். இந்தியாவில் ஃபார்ம் 16ஐப் பார்த்துப் பழகியவர், கைக்கு வந்ததெல்லாம் தன்னுடையது என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். பில் வரும்போது திணறுகிறார். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஜைரோ மூலம் 12 தவணையாகக் கட்டலாம் என்பது ஓர் ஆறுதல். வேலையை விட்டுக் கிளம்பும்போதுதான் உண்மையான நெருக்கடி. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே நிறுவனம் ஐ.ஆர்.21 படிவத்தை வரித்துறைக்குக் கொடுத்து, தர வேண்டிய பணம் முழுவதையும் நிறுத்திவைக்க வேண்டும். கடைசி மாதச் சம்பளத்தை நம்பி ஊருக்குச் சாமான் அனுப்பத் திட்டமிடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வரி இல்லை. 2018 முதல் 5 சதவீத வாட், 2023 ஜூன் முதல் நிறுவன லாபத்துக்கு 9 சதவீத வரி உண்டு. சொந்தமாகத் தொழில் செய்து ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் திர்ஹாமைத் தாண்டும் தனிநபரும் அந்த வரிக்குள் வருகிறார். சம்பளக்காரர் வரி கட்டாவிட்டாலும் அந்நாட்டு வசிப்புச் சான்றிதழை ஆண்டுதோறும் வாங்கிவைப்பது நல்லது. அங்கே வசித்தார் என்பதை இந்திய வரித்துறையிடம் நிரூபிக்க வேறு வரி ஆவணம் அவரிடம் இருக்காது.

பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. 2025 ஏப்ரலில் அங்கே ஒரு பெரிய மாற்றம் வந்தது. வெளிநாட்டு வருமானத்தை நாட்டுக்குள் கொண்டுவந்தால் மட்டும் வரி என்ற நெடுங்காலப் பழக்கம் எடுக்கப்பட்டது. 2022இல் அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக்கின் மனைவி அக்ஷதா மூர்த்தி அதைப் பயன்படுத்தியது அரசியல் புயலானது நினைவிருக்கலாம். இப்போது, முந்தைய 10 ஆண்டுகள் பிரிட்டனில் வசிக்காதவர்கள் முதல் 4 ஆண்டுகளுக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்குக் கோரலாம். கோருவது எல்லோருக்கும் லாபம் அல்ல. கோரினால் 12,570 பவுண்டு தனிநபர் விலக்கை இழக்க வேண்டும். 20 சதவீத அடுக்கில் உள்ள ஒரு செவிலியருக்கு அதன் மதிப்பு 2,514 பவுண்டு. ஊரில் சின்ன டெபாசிட் வைத்திருப்பவர் அந்த வட்டியைக் காட்டிவிட்டு, இந்தியாவில் ஒப்பந்தப்படி கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதே மேல்.

ஜெர்மனியில் போய் இறங்கியதும் உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதம் என்ற இடம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போகும் கத்தோலிக்கர் வழக்கம்போல் அதை நிரப்பினால், வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகச் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். மனமுவந்து கொடுப்பவர்கள் கொடுக்கலாம். தெரியாமல் கொடுக்கக் கூடாது. திருமணமானவர்களுக்கான சாதகமான வரி வகுப்பும் மனைவி அல்லது கணவர் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கிடைக்கும்.

ஈழத்தமிழர் அதிகம் வாழும் கனடாவில், வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து உலக வருமானத்துக்கு வரி. அதில் புதிதாக வருகிறவருக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. அவருடைய வெளிநாட்டுச் சொத்துகளை வந்து இறங்கிய நாளின் சந்தை விலையில் வாங்கியதாகக் கனடா எடுத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்துக் காணியைப் பிற்பாடு விற்கும்போது, அந்த நாளுக்குப் பிறகு ஏறிய மதிப்புக்குத்தான் வரி. இருபது ஆண்டு கழித்து அந்தப் பழைய விலையை நிரூபிப்பது எளிதல்ல. ஆகவே வந்த ஆண்டிலேயே மதிப்பீட்டாளரிடம் ஒரு சான்று வாங்கி வைப்பது பெரிய உதவி. வாடகை, முதலீடு போன்ற வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்கவிலை ஒரு லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் டி1135 படிவம் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டுக்கு விலக்கு உண்டு. வருமானம் இல்லாத மனைவியும் ரிட்டர்ன் போட வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளுக்கான மாத உதவித்தொகை பெற்றோர் இருவரின் ரிட்டர்னையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் தற்காலிக விசாவில் இருப்பவரின் வெளிநாட்டு முதலீட்டு வருமானத்துக்கு வரி இல்லை. நிரந்தர வசிப்பு கிடைத்த நாளில் அந்தச் சலுகை முடிகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. அறிவிப்புச் சட்டங்கள் இந்த அளவுக்குக் கடுமையானதற்குக் காரணம் கோடீஸ்வரர்கள் சுவிஸ் வங்கிகளில் ஒளித்த பணம். 2009இல் யு.பி.எஸ். வங்கி அமெரிக்காவுக்கு 78 கோடி டாலர் கட்டி, வாடிக்கையாளர் பெயர்களையும் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு ஃபாட்கா வந்தது. ஒளிக்க வசதி உள்ளவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டம் சொல்லும் அதே படிவத்தை, தாயின் மருத்துவச் செலவுக்கென்று கூட்டுக் கணக்கு வைத்திருக்கும் மென்பொருள் ஊழியரும் நிரப்ப வேண்டியிருக்கிறது. தவறினால் அபராத அட்டவணையும் ஒன்றே. வரம்புகளை உயர்த்துவது அரசுகளுக்குப் பெரிய இழப்பு அல்ல. எஃப்பாரின் 10,000 டாலர் வரம்பு பல பத்தாண்டுகளாக அப்படியே நிற்கிறது.

இந்தியாவும் இதே பாதையில் நடந்தது, பிறகு கொஞ்சம் இளகியது. ஊர் திரும்புகிறவர்கள் இதை அறிய வேண்டும். நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர், முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வசிக்காதவராக இருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்கு மேற்படாமல் இருந்தாலோ, இடைப்பட்ட ஒரு நிலையில் வைக்கப்படுகிறார். பொதுவாக 2 ஆண்டு, சிலருக்கு 3 ஆண்டு நீடிக்கும் அந்தக் காலத்தில் வெளிநாட்டு வட்டிக்கும் ஆதாயத்துக்கும் இங்கே வரி இல்லை. அங்குள்ள பங்குகளை விற்பதா, கணக்கை மூடுவதா என்று முடிவெடுக்கச் சட்டம் தரும் அவகாசம் அது. அது முடிந்ததும் முழு வசிப்பவர். வெளிநாட்டுக் கணக்கு, பங்கு, ஓய்வூதிய நிதி எல்லாவற்றையும் ரிட்டர்னில் தனி அட்டவணையில் காட்ட வேண்டும். 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி, காட்டாமல் விட்டால் 10 லட்ச ரூபாய் அபராதம். அசையாச் சொத்து நீங்கலான வெளிநாட்டுச் சொத்துகள் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் 1 முதல் தளர்த்தப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் 401-கே போன்ற ஓய்வூதியக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு நீண்ட நாள் ஒரு குறை இருந்தது: அதன் வளர்ச்சிக்கு ஆண்டுதோறும் இந்தியாவிலும், பணத்தை எடுக்கும்போது அமெரிக்காவிலும் வரி விழுந்தது. இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளில் விழுந்ததால் ஒன்றை மற்றதில் கழிக்க முடியவில்லை. எடுக்கும் ஆண்டில் மட்டும் இங்கே வரி கட்டினால் போதும் என்று கோரும் வழி பிறகு திறக்கப்பட்டது. அதற்காக அறிவிக்கப்பட்ட நாடுகள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று. ஆஸ்திரேலியாவின் சூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியோடு திரும்பி வருகிறவர்கள் இன்னும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள்.